பண்டுக்கு அப்பால் ஒரு வீடு

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் நீங்களும் பல முறை போயிருப்பீர்கள். ஒரு கல்யாணம், ஒரு கருமாதி, இல்லாவிட்டால் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மோரிப் கடற்கரைக்குக் கூட்டிப்போவது. சிஜங்காங்கைத் தாண்டினால் தெலுக் பங்லிமா காராங். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அங்கே இறங்குவார்கள். நாம் சன்னலோரம் கண்ணயர்ந்து மறுபடி விழிக்கும்போது ஜெஞ்சாரோம் வந்திருக்கும்.

அந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தெலுக் என்றால் மலாயில் குடா. பங்லிமா என்றால் தளபதி. காராங் என்றால் உக்கிரமானவன். உக்கிரத் தளபதியின் குடா! பெயரில் கடல் இருக்கிறது. சாலையில் நின்று பார்த்தால் கடைவீதியும் செம்பனையும் லோரிகளும்தான் தெரிகின்றன. கடல் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. பண்டுக்குப் பின்னால் இருக்கிறது.

கடலோரத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பண்டு என்றால் விளக்கம் வேண்டாம். மலைப்பக்கத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கோலலங்காட் கரையிலும் எதிரே உள்ள கேரித்தீவிலும் நிலம் தாழ்ந்து கிடக்கிறது. ஏற்றத்தின்போது கடல் தண்ணீர் நிலத்தைவிட உயரத்தில் நிற்கும். ஒரு காலத்தில் எல்லாம் பாக்காவ் மரங்கள் நின்ற சேற்றுக் காடு. மண்ணை அள்ளி நீண்ட கரை போட்டு, கடலை வெளியே நிறுத்தி, உள்ளே வடிகால் வெட்டிய பிறகுதான் அங்கே பயிர் வைக்க முடிந்தது. அந்தக் கரைதான் பண்டு. அதில் ஆங்காங்கே வாட்டர்கேட் இருக்கும். வற்றத்தின்போது கதவு திறந்து தோட்டத்துத் தண்ணீர் வெளியே ஓடும். ஏற்றத்தின்போது கடலே கதவைத் தள்ளி மூடிக்கொள்ளும். ஒரு மட்டை குறுக்கே சிக்கிக் கதவு மூடாமல் போனால் உப்புத் தண்ணீர் மரத்தடிக்கு வந்துவிடும். பண்டில் ஒரு நண்டு வளையைக் கவனிக்காமல் விட்டால் அது நாளைக்கு வாய்க்காலாகும். புலாவ் சி ஆலாங் என்று மலாய்க்காரர்கள் அழைத்த தீவுக்கு எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயர் வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெயர் அவருடையது. பண்டில் மண் சுமந்த கூடையில் நம்மவர் தலைகளும் இருந்தன.

இவ்வளவும் எதற்கு என்றால், நான் சொல்லப்போகிற அண்ணன் முப்பத்தொரு வருஷம் இந்த வாட்டர்கேட்டுகளோடும் பம்ப் இஞ்சின்களோடும் குடித்தனம் நடத்தியவர். கடலோரத் தோட்டம் ஒன்றில் பட்டறை ஃபிட்டர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அண்ணன், அக்கா என்றே சொல்கிறேன். வேலை முடிந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யவேண்டியதாயிற்று. அது உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெலுக் பங்லிமா காராங்கில் மகன் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்து அண்ணன் என்ன வாங்கினார் தெரியுமா?

ஒரு பாய்ப்படகு.

நாற்பது வயதுக்கு மேலான ஃபைபர்கிளாஸ் படகு. முப்பது அடி நீளம். உலகம் சுற்ற வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கிள்ளான் துறைமுகத்திலேயே ஆசை தீர்ந்துபோய் விட்டுவிட்டு ஊர் திரும்ப இருந்தார். நல்ல பழைய கார் ஒன்றின் விலைக்குத் தந்துவிட்டார். அதன் பிறகு மாதத்தில் பாதி நாள் மகன் வீடு, பாதி நாள் படகு என்று இருவரும் இருக்கிறார்கள். ஐந்து வருஷமாயிற்று.

அக்கா என்னைக் கூப்பிட்டது ஊர் சுற்றிக்காட்ட இல்லை. "தம்பி, படகைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார். நல்ல விலை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கிறார். நீங்க சொன்னா கேப்பார். ரெண்டு நாள் கூட வந்து பேசிப் பாருங்க" என்றார். ஒரு 555 நோட்டையும் கையில் கொடுத்தார். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அதே சின்ன நோட்டுதான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படகுச் செலவு. பெயிண்டு, கயிறு, வால்வு, டீசல், கரையேற்றிய கூலி. வரவு என்று ஒரு வரிகூட இல்லை. "வீடுன்னு வாங்கினாரு. இது பால் கறக்காத பசு" என்றார் அக்கா.

வைகாசி கடைசியில், அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அந்த நாளை அண்ணன் சும்மா பொறுக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்து மீட்டர் ஏறி இறங்கும். இரண்டு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் வற்றம். வற்றம் தொடங்கும்போது நங்கூரத்தைத் தூக்கினால் தண்ணீரே வெளிக்கடலுக்குக் கொண்டுபோய் விடும். எதிர்த்துப் போனால் இஞ்சின் கத்தும், படகு நின்ற இடத்திலேயே நிற்கும். "கேட் திறக்கிற நேரம் பார்த்துத்தானே முப்பது வருஷம் எந்திரிச்சேன்? இப்பவும் அதே நேரம்தான்" என்றார் அண்ணன்.

படகுக்குள் இறங்கியதும் என் மூக்குக்கு எட்டியது டீசல், சாம்பிராணி, கருவாடு. இரண்டு பேர் படுக்க முன்னால் முக்கோணமாக ஓர் இடம், நடுவில் மேசை, ஒரு சின்ன அடுப்பு. அந்த அடுப்பு தொட்டில்போல ஆடும். படகு சாய்ந்தாலும் குழம்புச் சட்டி நேராக நிற்கவேண்டுமே! சமைத்து முடித்ததும் அக்கா வெளியே போய் சிலிண்டரின் வாயையே மூடிவிட்டு வந்தார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியாகப் போகும். படகில் போக வழியில்லை. அடிக்குழியில் போய்த் தேங்கி நிற்கும். பிறகு ஒரு தீப்பொறி போதும்.

அடிக்குழி என்றேன் அல்லவா? தரைப்பலகையைத் தூக்கினால் படகின் வயிறு தெரியும். எங்கே கசிந்தாலும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். காலையில் எழுந்ததும் அண்ணன் செய்கிற முதல் வேலை, சாமி கும்பிடுவதற்கும் முன்னால், விரலை அங்கே விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது. இனித்தால் மழைத் தண்ணீர், மேலே எங்கோ ஒழுகுகிறது. கரித்தால் கடல். கரித்தால் அன்றைக்குப் பசியாறல் கிடையாது. இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை தேடவேண்டும். படகின் உடலில் அடிப்பக்கம் ஐந்தாறு துளைகள் வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். இஞ்சினைக் குளிரவைக்கக் கடல் தண்ணீர் எடுக்க ஒன்று, கழிவறைக்கு ஒன்று, கழுவுநீர் போக ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. வாரம் ஒரு தடவை எல்லா வால்வையும் மூடித் திறந்து பார்க்காவிட்டால் இறுகிவிடும். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் கூராகச் செதுக்கிய ஒரு மரக்கட்டை கயிற்றில் தொங்குகிறது. வால்வு உடைந்தால் அதை அடித்து இறுக்க வேண்டும். "நண்டு வளைதான் தம்பி. என்ன, இங்கே நாமளே போட்ட வளை."

ஆற்று முகத்திலிருந்து வெளியே வந்து தெற்கே திரும்பினோம். வலப்பக்கம் பாக்காவ் காடு மூடிய தீவுகள். இடப்பக்கம் புலாவ் இண்டா. அங்கே வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம்போல நின்றன. நானூறு மீட்டர் நீளக் கப்பல்கள் வந்து கட்டும் இடம் அது. நம்முடையதோ முப்பது அடி. 1972ஆம் ஆண்டு சர்வதேசக் கடல் விதிகளில் ஒன்று, 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்ப்படகும் குறுகிய கால்வாயில் பெரிய கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்கிறது. விதி இல்லாவிட்டாலும் யாரும் இடைஞ்சல் செய்யமாட்டார்கள். நான் சொல்வது உயிர்மேல் ஆசை உள்ளவர்களை.

அங்கேதான் அது நடந்தது.

இஞ்சின் சத்தம் மாறியது. பின்பக்கம் புகைபோக்கி வழியாகச் சளக் சளக்கென்று விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுபோய் வெறும் புகை வந்தது. அடுத்த நிமிஷம் எச்சரிக்கை மணி கிய்யென்று கத்தியது. அண்ணன் இஞ்சினை அணைத்தார். ஆற்றில் மிதந்துவரும் ஞெகிழிப் பைகளில் ஒன்று தண்ணீர் எடுக்கும் துளையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வற்றம் எங்களைப் பக்கவாட்டில் கால்வாயின் நடுவே தள்ளிக்கொண்டு போனது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு கொள்கலன் கப்பல் துறையைவிட்டுக் கழன்று எங்கள் பக்கமாக மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. அதன் உயரம் கிள்ளான் அடுக்குமாடி. அங்கே நங்கூரம் போடவும் கூடாது.

அண்ணன் உள்ளே குதித்துவிட்டார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு முருகா என்றேன்.

பாயை ஏற்றியது அக்கா. கயிற்றை மூன்று இழுப்பு இழுத்து, கப்பியில் சுற்றி, இன்னும் இரண்டு இழுப்பு. காலையில் கரையிலிருந்து வீசும் காற்று கொஞ்சம்தான் இருந்தது. அதையும் விடாமல் பாயில் வாங்கி, சுக்கான் கட்டையை இடுப்பால் தள்ளிப் பிடித்து, படகை மெல்லத் தீவுப் பக்கமாக, மிதவையைத் தாண்டி ஆழம் குறைந்த ஓரத்துக்குக் கொண்டுவந்தார். பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு ஒரு பெரட்டு நேரம் போலிருந்தது. கப்பல் எங்களைக் கடந்து போனபோது அதன் மேல்தட்டில் ஒரு மனிதர் கையசைத்தார். அக்கா பதிலுக்கு அசைக்கவில்லை. பாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அண்ணன் வால்வோடு இணைந்த குழாயைக் கழற்றி, ரப்பர்ப் படகுக்குக் காற்றடிக்கும் பம்ப்பை அதில் வைத்து உள்ளிருந்து வெளியே ஊதினார். பை போய்விட்டது. ஆனால் தண்ணீர் இல்லாமல் ஓடியதில் பம்ப்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரம் சிதைந்திருந்தது. இம்பெல்லர் என்று பெயர். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு பூ, ஆறு இதழ். நம் பால்மரத்து ரப்பரா என்று ஆசையாகக் கேட்டேன். "இது செயற்கை ரப்பர். மரத்துப் பாலுக்கு எண்ணெய் ஆகாது" என்றார். பழையதைக் கழற்றிப் புதிதைப் போடுவது அரைமணி வேலை. அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. உடைந்த இதழ்த் துண்டு ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அது குழாயில் போய் அடைத்து மறுபடி சூடேறும். பூத்தீவு ஒன்றின் ஓரத்தில் அல்ல, சேற்று வாசத்தில் உட்கார்ந்து நான் துண்டுகளைத் தாளில் வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தேன். இரண்டைக் காணோம். கடைசியில் குளிர்விப்பானின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தன.

மதியம் வற்றம் முடிகிற நேரத்தில் பிந்து கெடோங் தீவின் மறைவில் நங்கூரம் போட்டோம். கடலோரமாகப் போகும் பாய்ப்படகுகள் இரவு தங்குவதற்கு வசதியான இடம். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலியாவது விடவேண்டும் என்பது கணக்கு. இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது: வற்றத்தில் அளந்த ஆழத்துக்குச் சங்கிலி விட்டால், ஏற்றத்தில் கடல் உயர்ந்ததும் அது போதாமல் நங்கூரம் பெயரும். ஏறப்போகிற தண்ணீரையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அன்று பிற்பகல் அண்ணன் படகைச் சுற்றிக் காட்டினார். நீங்கள் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் படகு வாங்கவேண்டும் என்ற ஆசை தொற்றிக்கொள்ளும் ஆசை. தண்ணீருக்கு அடியில் தெரித்திப் பிடிக்கும். கல்போல ஒட்டும் சிப்பிப் பூச்சி அது. நம் ஆற்றுமுகத்துச் சூட்டுத் தண்ணீரில் சில வாரம் சும்மா நின்றாலே போதும், படகு பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அதைத் தடுக்கச் செம்பு கலந்த பெயிண்டு அடிக்கிறார்கள். அதற்காக ஆண்டுக்கொரு தடவையோ சற்றுத் தள்ளியோ படகைக் கரையேற்ற வேண்டும். லூமுட் பக்கம் போனால் அதற்கான இடம் உண்டு. அக்காவின் நோட்டில் பெரிய எண்கள் எல்லாம் இந்தப் பக்கங்களில்தான். அடுத்தது துத்தநாகக் கட்டி. உப்புத் தண்ணீரில் இரண்டு வகை உலோகம் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். விசிறியையும் தண்டையும் காப்பாற்ற அதன்மேல் ஒரு துத்தநாகக் கட்டியை முடுக்கிவிட்டால், அரிப்பு முதலில் அதைத் தின்னும். சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் கம்பிகளின்மேல் அண்ணன் ஒரு பஞ்சை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். ஓர் இழை அறுந்திருந்தாலும் பஞ்சு அங்கே மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாதது பஞ்சுக்குத் தெரிகிறது. கம்பி அறுந்தால் மரம் விழும். 1999இல் தனியாகப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த நம் நாட்டு அஸ்ஹார் மன்சோருக்கே வழியில் பாய்மரம் முறிந்தது.

பாய்கள் அக்காவின் இலாகா. வெயில் பாய்த்துணியை அரிக்குமுன் அதைத் தைத்த நூலை அரித்துவிடும் என்று அவர்தான் சொன்னார். நகத்தால் தையலைக் கீறிப் பார்ப்பார். நூல் பொடிந்தால் அந்த வரிசை முழுவதையும் பிரித்து மறுபடி தைப்பார். தோட்டத்தில் தீபாவளிக்குத் தைத்துக்கொடுத்த அதே கைச்சக்கரத் தையல் மெஷின் படகில் ஏறியிருக்கிறது. "இது எத்தனை வீட்டுப் பாவாடை தெச்ச மெஷின் தம்பி!"

படகை விற்கச் சொல்லி நான் அண்ணனிடம் பேசவேண்டும் என்பது எனக்கு நினைவிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம் என்று வைத்துக்கொண்டேன். மீன்குழம்பு. குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் கடல் தண்ணீரில், கடைசியாக ஒரே ஒரு குவளை நல்ல தண்ணீர். கொசு வரும் முன் வலையை இழுத்துக்கொண்டோம். கொடிக்கயிற்றில் ஒரு நங்கூர விளக்கு. வெளியே மலாக்கா நீரிணையில் கப்பல்களின் விளக்குகள் வரிசையாக நகர்ந்தன. 1873இல் இந்தக் கரையை ஒட்டி, ஜுக்ரா முகத்தருகே ஒரு வணிகப் படகைக் கடற்கொள்ளையர் மடக்கினார்கள். அதை வைத்துத்தான் 1874இல் போர்க்கப்பல்களோடு வந்த ஆங்கிலேயர் சிலாங்கூரில் கால் ஊன்றினார்கள். அந்தக் கதையை நான் சொல்ல, அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு வளர்ந்தது. கடாரம் வென்றான் கடல் கடந்தான் என்று மேடையில் பேசுகிறோம். நம்மில் எத்தனை பேர் துறைமுகத்து வேலிக்கு அப்பால் கடலைத் தொட்டிருக்கிறோம்? ஆனாலும் தமிழர் பாய்க்கப்பல் மிகப் பழங்கதை ஒன்றும் அல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய இரட்டைப் பாய்மர அன்னபூரணியை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் விலைக்கு வாங்கினார். புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றி, வல்வெட்டித்துறை மாலுமிகளை வைத்தே ஓட்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "அத்தனை தூரத்துக்கு அடிக்குழியை யார் இறைச்சது?"

அக்கா சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். இந்தியக் கடற்படையின் தாரிணி. 56 அடிப் பாய்ப்படகு. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டுத் தில்னாவும் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து கிளம்பி, இருவர் மட்டுமே ஓட்டி, 2025 மே 29இல் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். ஏறக்குறைய எட்டு மாதம். வழியில் கெட்டதையெல்லாம் அவர்களேதான் சரிசெய்யவேண்டும். "இந்தப் பொண்ணுங்க பாய் தெச்சிருப்பாங்க இல்ல?" என்றார் அக்கா. அதற்குமேல் படகு விற்கும் பேச்சை எடுக்க எனக்கு நாக்கு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், தூக்கமும் வந்துவிட்டது.

விடிவதற்கு முன், நான்கு மணி இருக்கும், படகு திடீரென்று சங்கிலியை இழுத்து உதறியது. சுமத்திராக் காற்று! நம் மேற்குக்கரையில் இந்த மாதங்களில் இரவு கழிந்து விடிகிற நேரத்தில் சுமத்திராப் பக்கமிருந்து வரும் புயல்மழை. கரையில் இருந்தால் கூரைத் தகரம் அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இங்கே அண்ணனும் அக்காவும் மழைச்சட்டைகூடப் போடாமல் வெளியே போய்விட்டார்கள். மின்னல் வெளிச்சத்தில் தீவின் ஒரு பட்ட மரத்தையும் துறைமுக விளக்கையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்தார் அண்ணன். இரண்டும் விலகாமல் இருந்தால் நங்கூரம் பிடித்திருக்கிறது என்று பொருள். விலகவில்லை. அரைமணியில் எல்லாம் ஓய்ந்தது. அக்கா உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே கூரையில் விழுந்த மழைத் தண்ணீர் தொட்டிக்குள் போகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். நாளைக்குக் குளிக்க இரண்டு குவளை கூடுதலாகக் கிடைக்கும்.

மறுநாள் மதியம் தண்ணீர் திரும்பியது. நீரிணையில் ஏற்றம் தென்கிழக்காக ஓடும். அதோடு கடற்காற்றும் சேர, இஞ்சினைத் தொடாமலே கேரித்தீவின் வெளிப்புறமாகப் போனோம். அக்கா அந்தத் தீவில் பிறந்தவர். பத்து வயதுவரை அங்கேதான். பாலம் வருமுன் படகில்தான் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்துபோனார்களாம். கிட்டப் போக முடியாது. கரையை ஒட்டிச் சேற்றுத்திட்டு வெகுதூரம் நீண்டிருக்கிறது. ஆனாலும் தெரிந்தது. முதலில் பாக்காவ் காட்டின் கரும்பச்சைக் கோடு. அதற்குப் பின்னால் செம்பனையின் கொண்டைகள் மட்டும். மரங்கள் கடல்மட்டத்துக்குக் கீழே கால் வைத்து நிற்பதுபோல, தலை மாத்திரம் எட்டிப் பார்த்தன. தெற்கே ஜுக்ரா குன்று, அதன்மேல் கலங்கரை விளக்கு. தீவின் உள்ளே மஹ் மெரி மக்கள் இருக்கிறார்கள். மரச்சிற்பத்துக்கும் முகமூடிக்கும் பேர் பெற்றவர்கள். கடல் ஆவிகளுக்கு இன்றும் கரையில் பூசை போடுகிறவர்கள் அவர்கள்தான்.

அக்கா சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் நின்றார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"நாங்க சின்னப் பிள்ளைங்கள்ல பண்டு மேல ஏறுனா அப்பா அடிப்பாரு தம்பி. அந்தப் பக்கம் பேய் இருக்குன்னு சொல்வாரு. பண்டுக்குக் கீழ படுத்துக்கிட்டு, ஏற்றம் வர்ற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்குவோம். அந்தப் பேய் இருக்கிற பக்கம் இதுதான்."

அண்ணன் உள்ளேயிருந்து, "சுக்கானைக் கவனிங்க தம்பி, காற்று பின்னால வருது" என்றார். பாய் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வீசியடிக்கப் பார்த்தது. நான் தப்பான பக்கம் தள்ளியிருந்தேன். அக்கா ஓடிவந்து வாங்கிக்கொண்டார்.

ஏற்றத்தோடு நீரிணைக்குள் நுழைந்து, பொழுது சாய்கிற நேரத்தில் கிள்ளான் ஆற்றுமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். அண்ணன் வால்வுகளை மூடினார், பாய்க்கு உறை போட்டார், தரைப்பலகையைத் தூக்கி விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டு, வந்த காரியத்தைச் செய்யாத குற்றத்தோடு நின்றேன். படகைக் கேட்டவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.

அக்கா 555 நோட்டைக் கேட்டு வாங்கினார். இடம் மிச்சமிருந்த கடைசிப் பக்கத்தில், மேசைமேல் வைத்து, எழுத்து எழுத்தாக எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

"இம்பெல்லர் – 2. பாய் நூல் – வெள்ளை, பெரிய உருண்டை. புது நோட்டு – 1."